மேடேறும் வண்டிக்கு எத்தனை அங்குலம்?

கம்பத்தில் கோழி கூவுவதற்கு முன்பே ஜீப் சத்தம் கேட்டுவிடும். கூடலூர், உத்தமபாளையம், தேவாரம் என்று தேனி மாவட்டத்து அடிவார ஊர்களெங்கும் தூக்குச்சட்டியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் தெருமுனையில் காத்து நிற்பார்கள். ஜீப் வந்ததும் முன்னே இருவர் மூவர், பின்னே எதிரும் புதிருமாக மற்றவர்கள் என்று நெருக்கியடித்து ஏறிக்கொள்வார்கள். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு என மலைக்கு மூன்று வாசல்கள். மேலே இடுக்கியின் ஏலத்தோட்டங்கள். தார்ச்சாலை முடிகிற இடத்தில் தோட்டத்துப் பாதை தொடங்கும். கல் பாவியது பாதி, சேறு பாதி. மாலையில் அதே ஜீப், அதே ஆட்கள், அதே வளைவுகளில் இறக்கம்.

அந்த ஜீப்புகளை உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும். டயர் உயரமாக இருக்கும், ஆனால் ஒடுக்கமாக இருக்கும். வண்டி கம்பெனி கொடுத்த உயரத்தில் நிற்கும். பல வருடச் சுமையில் ஸ்பிரிங் பட்டை தளர்ந்து, அதற்கும் சற்றுக் கீழேகூட நிற்கும். அப்படியே தினமும் மலை ஏறுகிறது.

சனி, ஞாயிறு வந்தால் இதே மலையில் வேறு வண்டிகள். மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும் புதிய தார், ஜிம்னி, கூர்க்கா வண்டிகள் ராமக்கல்மேட்டுக்கும் வாகமண்ணுக்கும் போகிற வழியில் ஏறிவருகின்றன. அவற்றில் சில, ஷோரூமை விட்டு வந்த உயரத்தில் இருப்பதில்லை. மட்கார்டுக்கு வெளியே பிதுங்கி நிற்கும் அகல டயர், அதற்கு இடம் கொடுக்கத் தூக்கி நிறுத்திய உடல். பக்கத்தில் நின்றால் கதவின் கைப்பிடி நம் தோளுக்கு வரும்.

பெரிய டயர்மேல் ஆசைப்படுவதில் பிழை எதுவும் இல்லை. பாறை நிறைந்த பாதையில் அது உண்மையாகவே உதவுகிறது. ஆனால் பட்டறைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை இன்ச் லிஃப்ட் போடலாம் அண்ணே?" என்பதைத்தான். அங்கேயே கணக்கு தலைகீழாகிவிடுகிறது. எந்தப் பாதை, என்ன சுமை, அதற்கு எந்த டயர் என்பது முதலில் முடிவாக வேண்டும். அந்த டயர் சக்கரக் கூட்டுக்குள் உரசாமல் சுழல எவ்வளவு இடம் வேண்டும் என்று அளந்தால், லிஃப்ட் எவ்வளவு என்பதற்குப் பதில் தானாக வந்து நிற்கும். பல வண்டிகளுக்கு அந்தப் பதில் பூஜ்யம். இன்னும் பலவற்றுக்கு ஒன்றரை, இரண்டு அங்குலம். அதற்கு மேல் போகிற வண்டி இந்த மலைச்சாலைக்கு உரியது அல்ல என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களைத்தான் இங்கே விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒடுக்கமான டயரின் பாடம்

1940களின் இறுதியில் மகிந்திரா நிறுவனம் அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பொருத்தி விற்கத் தொடங்கியது. அந்த வம்சத்தில் வந்த எம்.எம். 540, கமாண்டர், மேஜர் வண்டிகள்தான் இடுக்கி மலைகளின் கால்கள். பழைய ஜீப்பின் டயர் அளவு 6.00-16. ஏறக்குறைய 6 அங்குல அகலம், 16 அங்குல ரிம். தரையில் நின்றால் சுமார் 29 அங்குல உயரம். இன்னும் உயரம் வேண்டுமென்றால் 7.00-16 இருக்கிறது. அது 31 அங்குலத்தை ஒட்டி நிற்கும். இன்றைய தாரின் 18 அங்குல அலாய் வீலில் வருகிற 255/65 டயரும் அதே 31 அங்குலம்தான். உயரம் ஒன்றே, அகலம் மட்டும் பத்து அங்குலம்.

ஏலத்தோட்டத்து மண்ணுக்கு இந்த ஒடுக்கம் பொருந்திப்போகிறது. மேலே பல காலத்து இலைமக்கு ஊறிய கரிய, மெத்தென்ற மண். அதற்கு அடியில் கெட்டித்தரை, பாறை. ஒடுக்கமான டயர் மேல்சேற்றை வகிர்ந்துகொண்டு அடித்தரையைத் தொட்டுப் பிடித்துவிடும். அகலமான டயர் சேற்றின் மேலேயே மிதக்கப் பார்க்கும். பிடிமானம் கிடைக்காமல் பக்கவாட்டில் வழுக்கும். ராஜஸ்தான் மணலிலும் நம் தேரிக்காட்டு மணலிலும் இது அப்படியே மாறும். அங்கே மிதப்பதே பலம், வகிர்ந்து போனால் புதைந்துபோகும். அடித்தரையே இல்லாத ஆழச் சேற்றிலும் ஒடுக்க டயர் அமிழும். ஆகவே நல்ல டயர் என்று பொதுவாக ஒன்று கிடையாது. இந்த மண்ணுக்கு நல்ல டயர் என்று ஒன்று உண்டு.

இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு, நெடுங்கண்டம் வழியாக எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் பயணத்தின் பெரும்பகுதி தார்ச்சாலை. மழைநாளில் நனைந்த தார்ச்சாலை. பெரிய பெரிய கட்டைகளாக வெட்டப்பட்ட மட் டெரைன் டயர் சேற்றில் சிங்கம். ஈரத் தாரில் அதன் பிடி குறைவு, பிரேக் பிடித்தால் நிற்கிற தூரம் கூடும், இரைச்சல் காதைப் பிடுங்கும். இடுக்கிக்கு வார இறுதியில் வந்துபோகிற ஒருவருக்கு ஆல் டெரைன் டயரே போதும். தோட்டத்துக்குள்ளேயே குடியிருந்து, ஆனி ஆடி மழையில் தினம் சேற்றில் இறங்குகிறவருக்குத்தான் மட் டெரைனால் பலன்.

காற்றைக் குறைப்பது என்ற எளிய வித்தை ஒன்று உண்டு. சேற்றிலோ பாறையிலோ இறங்கும்முன் காற்றழுத்தத்தை 18, 20 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கினால் டயர் தரையில் நீளமாகப் படிந்து கூடுதல் பிடி கொடுக்கும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மறுபடி ஏற்றிவிட வேண்டும். காசு செலவில்லாத இந்த வேலையைச் செய்துபார்க்காமலே லிஃப்ட் கிட்டுக்குப் பணம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

எதை உயர்த்தினால் எது உயரும்

லிஃப்ட் போட்டால் வண்டியின் அடிவயிறு மொத்தமும் தரையிலிருந்து எழும்பிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். நேர் அச்சு உள்ள வண்டியில் அது நடக்காது. பாறையில் முதலில் இடிபடுவது அச்சின் நடுவே தொங்குகிற டிஃபரன்ஷியல் கூடு. பட்டறைக்காரர்கள் கிரவுன் என்பது. அச்சு சக்கரங்களின் மேல் நிற்கிறது. ஸ்பிரிங் அச்சின் மேல் நிற்கிறது. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் அதற்கு மேலே உள்ள சேசிஸும் உடலும்தான் உயரும், கிரவுன் இருந்த இடத்திலேயே இருக்கும். கிரவுனைத் தரையிலிருந்து தூக்க ஒரே வழி டயரைப் பெரிதாக்குவது. அதுவும் விட்டத்தில் கூடுவதில் பாதிதான் கிடைக்கும்.

தார் வண்டியில் வருகிற 245/75 ஆர்16 டயரின் விட்டம் சுமார் 774 மில்லிமீட்டர், அதாவது முப்பதரை அங்குலம். அதை எடுத்துவிட்டு 265/75 ஆர்16 போட்டால் விட்டம் 804. முப்பது மில்லிமீட்டர் கூடியிருக்கிறது. கிரவுனுக்குக் கிடைத்தது அதில் பாதி, 15 மில்லிமீட்டர். இன்னும் மேலே போய் 285/75 ஆர்16, அதாவது 33 அங்குல வகை டயர் போட்டால் விட்டம் 834. கிரவுன் 30 மில்லிமீட்டர் உயரும். தீப்பெட்டியைப் படுக்கவைத்தால் இரண்டின் உயரம். அந்த முப்பது மில்லிமீட்டருக்காகத்தான் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், பிரேக் ஹோஸ், அலைன்மென்ட் என்று ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியிருக்கிறது.

டயர் பெரிதானால் கியரின் கணக்கும் மாறும். 774-லிருந்து 834-க்குப் போனால் ஏறத்தாழ 8 சதவீத வித்தியாசம். மீட்டர் 60 காட்டும்போது வண்டி 65-ஐத் தொட்டு ஓடும். ஏற்றத்தில் இன்ஜினுக்கு இழுவை அந்த அளவு குறையும். 300 நியூட்டன் மீட்டர் முறுக்கு உள்ள தார் டீசல் அதைச் சமாளித்துவிடும். 134 நியூட்டன் மீட்டர் மட்டும் உள்ள ஜிம்னிக்கு அது பளு. ஜிம்னியின் 195/80 ஆர்15 டயர் 693 மில்லிமீட்டர். 235/75 ஆர்15 போட்டால் 733. கிட்டத்தட்ட 6 சதவீதம். கம்பம்மெட்டு ஏற்றத்தில் மூன்றாவது கியரில் போன இடத்தில் இரண்டாவதுக்கு இறங்க வேண்டிவரும்.

அப்படியானால் லிஃப்ட்டால் பயனே இல்லையா? உண்டு. சேசிஸ் உயர்வதால் வண்டியின் மூக்கும் வாலும் நடுவயிறும் தரையைத் தட்டாமல் செங்குத்தான மேட்டில் ஏறவும் இறங்கவும் முடியும். நீண்ட ஸ்பிரிங்கும் அதற்கேற்ற நீண்ட ஷாக் அப்சார்பரும் போட்டால் சக்கரம் கூடுதலாகக் கீழிறங்கித் தரையைத் தொடும். பள்ளத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் சுழல்வது குறையும். ஆனால் தார் கம்பெனியிலிருந்து வரும்போதே 226 மில்லிமீட்டர் தரை இடைவெளியும், 41 பாகைக்கு மேல் முன்புற ஏறுகோணமும், 650 மில்லிமீட்டர் நீரில் இறங்கும் திறனும் கொண்டது. ஏலத்தோட்டத்துப் பாதைகளில் இதற்கு மேல் கேட்கிற இடங்கள் மிகக் குறைவு.

பட்டை, டார்ஷன் பார், சுருள்

எந்த முறையில் உயர்த்துவது என்பது வண்டியின் அடியில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரே கிட் எல்லாவற்றுக்கும் பொருந்தாது.

பழைய ஜீப்புகளில் முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங். கம்பம், போடி, தேனிப் பட்டறைகளுக்கு இது கைவந்த வேலை, ஏனென்றால் லாரிக்கும் டிராக்டர் டிரெய்லருக்கும் அவர்கள் தினம் செய்வதும் பட்டை வேலைதான். தளர்ந்த பட்டையைக் கழற்றி மறுபடி வளைவு ஏற்றிக் கட்டுவது, கூட ஒரு பட்டை சேர்ப்பது, பட்டையின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் சாக்கிலை நீட்டுவது எனப் பல வழிகள். இதில் சாக்கிலை நீட்டுவது மலிவானது, ஆபத்தானதும் அதுவே. இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டி ஓர் அங்குலம்தான் உயரும். ஆனால் அச்சு சாய்ந்து, ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்புகிற குணம் கெடும். வளைவில் ஒடித்த ஸ்டியரிங் திரும்பி வர மறுக்கிற ஜீப்பை மலையில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் தெரியும்.

எம்.எம். 540 போன்ற வண்டிகளில் பட்டை அச்சுக்குக் கீழே ஓடும். அதை அச்சுக்கு மேலே மாற்றிக் கட்டினால் ஒரே அடியில் ஐந்தங்குலம் அளவுக்கு வண்டி எழும்பிவிடும். பந்தய வண்டிக்காரர்களுக்கு இது பிடித்த வேலை. ஸ்டியரிங் இணைப்புகள், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம், ஷாக் அப்சார்பர், பிரேக் ஹோஸ் எல்லாவற்றையும் கூடவே மாற்றாமல் இதைச் செய்தால், வேகமெடுக்கும்போது அச்சு முறுக்கிக்கொள்ளும், கிராஸ் ஜாயின்ட் அடிக்கடி போகும். ஆளேற்றும் ஜீப்பில் இதைச் செய்யவே கூடாது.

2010-இல் வந்த முதல் தாரின் டீசல் சி.ஆர்.டி.இ. மாடலில் முன்பக்கம் டார்ஷன் பார். ஒரு போல்ட்டை முறுக்கினால் முன்பக்கம் உயர்ந்துவிடும். அரைமணி நேர வேலை, பொருள் செலவு கிடையாது. அதனாலேயே பலரும் அளவுக்கு மீறி முறுக்கிவிடுகிறார்கள். முறுக்க முறுக்க, சக்கரம் கீழிறங்குவதற்கு மிச்சமிருக்கும் தூரம் குறைந்துகொண்டே போகும். ஒவ்வொரு குழியிலும் சஸ்பென்ஷன் முட்டி நிற்கும். டிரைவ் ஷாஃப்ட்டின் சி.வி. ஜாயின்ட் கூடுதல் கோணத்தில் சுழல்வதால் அதன் ரப்பர் உறை கிழிந்து, சேறு உள்ளே போய், ஜாயின்ட் அரைபடும். ஓர் அங்குலத்தோடு நிறுத்திக்கொள்வது அறிவு.

2020 தாரில் முன்பக்கம் தனித்தனி விஷ்போன், பின்பக்கம் நேர் அச்சு. நான்கு மூலையிலும் சுருள் ஸ்பிரிங். ஜிம்னியில் இரண்டு அச்சும் நேர் அச்சு, அங்கும் சுருள்தான். இந்த வண்டிகளுக்குச் சந்தையில் கிடைக்கிற மலிவான வழி, ஸ்பிரிங்குக்கு மேலோ கீழோ வைக்கிற ஸ்பேசர். அது வண்டியை உயர்த்தும். பழைய ஷாக் அப்சார்பரே இருப்பதால், உயர்ந்த அளவுக்குச் சக்கரத்தின் கீழிறக்கம் பறிபோகும். நகரத்தில் ஓட்டுகிறவருக்கு அது உறைக்காது. பாறையில் சக்கரம் சட்டென்று தொங்கும்போது ஷாக் தன் எல்லையில் மடாரென்று இழுபடும். முறையான வழி, அந்த உயரத்துக்கென்றே செய்த ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரு ஜோடியாக வாங்கிப் போடுவது. ஜிம்னியை இரண்டு அங்குலத்துக்கு மேல் உயர்த்தினால் முன் அச்சு முன்னோக்கிப் புரண்டு காஸ்டர் கோணம் கெடும். அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் பான்ஹார்டு ராடு அச்சையே ஒரு பக்கம் தள்ளி வைத்துவிடும். அதற்குத் திருத்தப் புஷ்களும், நீளம் மாற்றக்கூடிய ராடும் வேண்டும். இவற்றைப் பற்றிப் பேசாமல் கிட் மட்டும் விற்கிற கடையில் வாங்காதீர்கள்.

பாடி லிஃப்ட் என்று ஒன்றும் இருக்கிறது. சேசிஸுக்கும் உடலுக்கும் நடுவே நைலான் கட்டைகளை வைத்து உடலை மட்டும் தூக்குவது. டயருக்கு இடம் கிடைக்கும், சேசிஸ் இருந்த உயரத்திலேயே இருக்கும். ஓர் அங்குலம் வரை இதில் பெரிய தீங்கு இல்லை. ஸ்டியரிங் தண்டும் கியர் நெம்பும் ரேடியேட்டர் விசிறிக் கூடும் இடம் மாறுவதைக் கவனித்துச் சரிசெய்ய வேண்டும், அவ்வளவே.

அளக்கிற விதம்

புது டயர் உரசுமா என்பதைச் சமதரையில் வண்டியை நிறுத்திப் பார்த்துச் சொல்ல முடியாது. சமதரையில் எந்த டயருக்கும் இடம் இருப்பதுபோலத்தான் தெரியும்.

நல்ல பட்டறையில் இதை எப்படிப் பார்ப்பார்கள் என்று சொல்கிறேன். இடது முன்சக்கரத்தை ஒரு கட்டைமேல் ஏற்றுவார்கள், சுருள் முழுதும் அமுங்கி பம்ப் ஸ்டாப் ரப்பர் தொடுகிற வரைக்கும். குறுக்கே எதிர்மூலையில் வலது பின்சக்கரத்துக்கும் அப்படியே ஒரு கட்டை. வண்டி கோணலாக முறுக்கிக்கொண்டு நிற்கும். இப்போது ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடிக்கச் சொல்லி, மெக்கானிக் டார்ச்சோடு மண்டியிட்டு மட்கார்டுக்குள் கையை விடுவார். டயரின் தோளுக்கும் உள்பக்க பிளாஸ்டிக் உறைக்கும் நடுவே இரண்டு விரல் போகிறதா? பின்னால், கதவுக்கு முன்னே உள்ள மடிப்பில்? உள்பக்கம், ஸ்டெபிலைசர் பாரில்? அடுத்து மறுபக்கம் முழுக்க ஒடித்து மறுபடி பார்ப்பார். ஏற்கெனவே ஓடிய வண்டியென்றால் தேடவே வேண்டாம். உரசிய இடத்தில் சேறு துடைபட்டு, பிளாஸ்டிக் பளபளவென்று மின்னும்.

அதே நேரத்தில் தொங்குகிற சக்கரத்தையும் பார்க்க வேண்டும். பலரும் விட்டுவிடுகிற இடம் அது. சக்கரம் முழுதும் கீழிறங்கி நிற்கும்போது பிரேக் ஹோஸ் வில்லின் நாண்போல விறைத்திருந்தால், அந்த வண்டி அப்படியே சாலைக்குப் போகக் கூடாது. லிஃப்ட் போட்டபின் ஹோஸ் நீளத்தைப் பார்க்காத வண்டியில், என்றாவது ஒருநாள் பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது ஹோஸ் அறுந்து பிரேக் ஆயில் மண்ணில் கொட்டும்.

"தம்பி, ஒரு இன்ச்சுக்கே இடம் இருக்கு. மூணு இன்ச் எதுக்கு?" என்று கேட்கிற மெக்கானிக் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். விற்றுக் கிடைக்கிற லாபத்தை விட்டுக்கொடுத்து உண்மை சொல்கிறவர் அவர். சில சமயம் மட்கார்டு உறையின் ஓரத்தைச் சற்றுச் சீவிவிட்டாலோ, ஸ்டியரிங் ஸ்டாப் போல்ட்டில் ஒரு வாஷர் கூட்டினாலோ உரசல் நின்றுவிடும். வாஷர் கூட்டினால் வண்டி திரும்புகிற வட்டம் கொஞ்சம் பெரிதாகும். கொண்டை ஊசி வளைவுகளில் அதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இறக்கம்

லிஃப்ட்டைப் பற்றிய பேச்செல்லாம் ஏறுவதைப் பற்றியே இருக்கிறது. கம்பம்மெட்டிலிருந்து கம்பத்துக்கு இறங்குகிறவன் மனதில் இருப்பது பிரேக் மட்டும்தான்.

பெரிய டயர் என்பது பிரேக்குக்கு எதிரான நெம்புகோல். டிஸ்கும் டிரம்மும் அதே அளவில் இருக்க, டயரின் ஆரம் 8 சதவீதம் கூடினால், அதே நிறுத்தத்துக்கு பிரேக் 8 சதவீதம் கூடுதலாகப் பிடிக்க வேண்டும். டயரின் எடையும் கூடியிருக்கும். ஒவ்வொரு சக்கரத்திலும் கூடுகிற கிலோக்கள் சுழல்கிற எடை, நிறுத்தக் கடினமான எடை. கூடவே, கியர் நீண்டுவிட்டதால் இறக்கத்தில் இன்ஜின் பிடிமானமும் அதே அளவு தளர்ந்திருக்கும். இரண்டாவது கியரில் பிரேக்கைத் தொடாமல் இறங்கிய வளைவில் இப்போது கால் பிரேக்கைத் தேடும். வளைவுக்கு வளைவு தேடித் தேடி, பாதிமலை இறங்கும்போது லைனிங் சூடேறி வாடை அடிக்கும். பெரிய டயர் போட்டவர்கள் கிரவுன் விகிதத்தை மாற்றினால் கியர் கணக்கு சரியாகும். இங்கே அதைச் செய்கிறவர் அபூர்வம். குறைந்தது முதல் கியரில் இறங்கும் பொறுமையும், நல்ல பிரேக் பேடும் வேண்டும்.

அடுத்தது கவிழ்வு. சக்கரங்களுக்கு இடையே ஒன்றரை மீட்டர், எடையின் மையம் தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அப்படி ஒரு வண்டி அசையாமல் நிற்கும்போது சுமார் 47 பாகைப் பக்கச் சரிவு வரை கவிழாது. மூன்று அங்குலம் உயர்த்தினால் அது 44 ஆகும். மூன்று பாகைதானே என்று தோன்றும். ஆனால் வளைவில் திரும்பும்போது வண்டி தாங்குகிற பக்கவிசை பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. கூரைமேல் கேரியர், அதில் ஸ்டெப்னியும் ஜெர்ரி கேனும் கூடாரமும், உள்ளே நின்றுகொண்டு வீடியோ எடுக்கும் நண்பர்கள் என்று சேர்ந்தால் மையம் இன்னும் மேலே போகும். ராமக்கல்மேட்டு உச்சியில் ஆளைத் தள்ளுகிற காற்று உயரமான வண்டியையும் விடாது.

2023 ஆகஸ்ட் 25 அன்று வயநாட்டில் தலப்புழை அருகே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிவந்த ஜீப் பள்ளத்தில் விழுந்து ஒன்பது பெண்கள் இறந்தார்கள். லிஃப்ட்டுக்கும் அந்த விபத்துக்கும் முடிச்சுப்போட நான் இதைச் சொல்லவில்லை. மலை இறக்கத்தில் ஆள் நிறைந்த ஜீப்புக்குத் தவறு செய்ய இடமே கிடையாது என்பதற்காகச் சொல்கிறேன். பிரேக்கின் பலமோ எடையின் மையமோ இம்மியளவும் மோசமாகக் கூடாத வண்டி அது. 2025 ஜூலையில் மூணாறு அருகே சுற்றுலா ஜீப் கவிழ்ந்து உயிர்ப்பலி நேர்ந்தபோது இடுக்கி மாவட்ட நிர்வாகம் ஜீப் சவாரிகளை நிறுத்திவைத்ததும் இந்தப் பின்னணியில்தான்.

சட்டம் எங்கே நிற்கிறது

கம்பம்மெட்டுச் சோதனைச்சாவடியைத் தாண்டினால் கேரளம். டிஎன் 60 எண் வண்டியும் கேஎல் 69 எண் வண்டியும் ஒரே சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. அதை அமலாக்குவதில் கேரள மோட்டார் வாகனத் துறை கண்டிப்பானது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. இதில் நெகிழ்வு காட்டிய கேரள உயர்நீதிமன்றத் தீர்ப்பை 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத்திருத்தம் 182ஏ பிரிவில், அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று வைத்தது. 

இந்தச் சட்டம் எல்லா மாற்றத்தையும் ஒரே தட்டில் வைக்கிறது என்ற மனக்குறை எனக்கு உண்டு. ஆஸ்திரேலியாவில் எத்தனை மில்லிமீட்டர் வரை பொறியாளர் சான்றில்லாமல் உயர்த்தலாம், அதற்கு மேல் யார் சான்று தர வேண்டும் என்று மாநிலவாரியாக விதி இருக்கிறது. இங்கேயும் அப்படி ஒரு வரையறை வந்தால், ஒளிந்து மறைந்து செய்கிற வேலை வெளிச்சத்தில் முறையாக நடக்கும். அது வரும்வரை ஒன்று நினைவில் இருக்கட்டும்: விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியின் ஆய்வாளர் முதலில் குனிந்து பார்ப்பது வண்டியின் அடியைத்தான்.

பந்தயத்துக்கென்றே செய்த வண்டிகள் தனி இனம். மலேசியாவில் 1997-இல் பிறந்து, 2014 முதல் கோவாவிலும் நடத்தப்படுகிற ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போன்ற போட்டிகளில் ராட்சத டயரும் வின்ச்சும் ரோல் கேஜுமாக வண்டிகள் வருகின்றன. அங்கே தலைக்கவசத்தோடு இருவர் மட்டும் போகிறார்கள், மீட்க ஆள் பக்கத்திலேயே நிற்கிறார்கள். அந்த வண்டியின் படத்தைப் பார்த்துக் குடும்பத்தோடு தேக்கடி போகும் தாரை மாற்றக் கூடாது.

யாருக்கு என்ன

வாரக்கடைசியில் மலைக்கு வருகிற தார், கூர்க்காக்காரர்கள் கம்பெனி உயரத்திலேயே நல்ல ஆல் டெரைன் டயர் போட்டுக்கொண்டால் போதும். ஒரு காற்று பம்பும் வாங்கிக்கொள்ளுங்கள். கூர்க்காவில் முன் பின் இரண்டு கிரவுனுக்கும் பூட்டு உண்டு. தாரில் சில மாடல்களில் பின் கிரவுனுக்கு உண்டு. சேற்றில் ஒரு சக்கரம் வழுக்கும்போது மறு சக்கரத்தை இழுக்கவைக்கிற அந்தப் பூட்டு, மூன்றங்குல லிஃப்ட்டைவிட எத்தனையோ மடங்கு உதவும். ஜிம்னிக்காரர் 215/75 ஆர்15 போட்டால் உயரம் பெரிதாகக் கூடாது, டயரின் பிடிமானம் கூடும். இன்ஜினும் அதைத் தாங்கும்.

தோட்டத்துக்குள்ளேயே வாழ்கிறவர், பாறைப்பாதையில் தினம் கிரவுன் இடிபடுகிறவர் 31, 32 அங்குல டயருக்குப் போகலாம். ஒன்றரையிலிருந்து இரண்டங்குலம் வரை, ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஜோடியாக, ஹோஸும் அலைன்மென்ட்டும் பார்த்து, சான்றிதழ் விவகாரத்தை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே பேசிவிட்டுச் செய்யட்டும். ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்க வேண்டும். பின்கதவில் தொங்குகிற அந்தப் பெரிய டயரின் எடையைக் கதவின் கீல் தாங்குமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூலி ஆட்களை ஏற்றுகிற ஜீப்புக்கு லிஃப்ட் கூடவே கூடாது. அந்த ஜீப்புக்குத் தேவையானது வேறு. தளர்ந்த பட்டைக்கு மறுவளைவு, அதுவும் கம்பெனி உயரம் வரைக்கும் மட்டும். புது பிரேக் ஷூ, கசியாத வீல் சிலிண்டர், கிழியாத பிரேக் ஹோஸ், ஆட்டமில்லாத கிங் பின், வழுவழுப்பாகத் தேயாத டயர். பின்னால் இருக்கிற பெண்கள் பிடித்துக்கொள்ள உறுதியான கம்பி. இத்தனைக்கும் ஆகிற செலவு ஒரு நல்ல லிஃப்ட் கிட்டுக்கும் நான்கு பெரிய டயருக்கும் ஆகிற பணத்தைவிடக் குறைவு. ஏலக்காய் எடுப்பு ஆடி, ஆவணியில் சூடுபிடிக்கும். மழையும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். தோட்ட முதலாளிகள் ஜீப்புக்குக் கொடுக்கும் வாடகையில் இந்தச் செலவையும் சேர்த்துக்கொண்டு, வைகாசிக்குள் ஒவ்வொரு ஜீப்பையும் பட்டறைக் குழியில் நிறுத்திப் பார்க்கச் சொல்ல வேண்டும்.